கண்ணி எண்ணத் தெரிந்தவர்களுக்கு

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் அரங்கங்குப்பம், கூனங்குப்பம், சாட்டன்குப்பத்திலிருந்தும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வரும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் அம்மா அப்பாக்களுக்கும்,



போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டிலிருந்து கடல் பக்கம் நடந்தேன். தெரு முடிவதற்குள் ஐந்து சைக்கிள்கள் சுவரில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். ஐந்தும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தவை. சீட்டு கிழியவில்லை, ரிம் கோணவில்லை. ஒன்றின் மட்கார்டில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகூட அப்படியே இருந்தது. பலவற்றில் செயின் மட்டும் செங்கல் நிறம். அப்படி ஒன்றின் பெடலைக் காலால் தள்ளிப் பார்த்தேன். பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலைச் சுற்றி வந்த கண்ணிகள் நேராகவில்லை. நண்டுக்கால்போல மடங்கின இடத்திலேயே மடங்கி நின்றன.

அடுத்த சைக்கிள் சாய்ந்திருந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் கேட்டேன். “செயின் போயிடுச்சுக்கா. புதுசு போட்டோம், அதுவும் நிக்கல. மிதிச்சா நழுவுது. இனிமே இதுக்குக் காசு போட முடியாதுன்னு அப்பா சொல்லிட்டாரு” என்றாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். காலையில் தெரிந்தவர்கள் யாராவது பைக்கில் போனால் ஏறிக்கொள்கிறாள். இல்லாவிட்டால் நடக்கிறாள்.

புதுசு போட்டும் நிற்கவில்லை என்று அவள் சொன்னதற்காகத்தான் இந்த மடல். அந்த அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காசு போட்டும் வீணானால் யார்தான் மறுபடியும் போடுவார்? ஆனால் அது வீணானதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை அளந்து காட்டலாம். அதை யாரும் அவருக்கு அளந்து காட்டவில்லை.

நானும் இதே மணலில் சைக்கிள் மிதித்தவள்தான். என் அப்பா போட் இன்ஜின் பழுது பார்ப்பவர். அவர் சின்ன வயதில் பழவேற்காடு ஏரியின் மேல் பாலம் கிடையாது. சைக்கிளைப் படகில் ஏற்றி, ஏரியைக் கடந்து, அந்தக் கரையில் இறக்கி மிதிப்பார்களாம். எனக்குப் பதினோராவதில் சைக்கிள் கிடைத்தபோது வீட்டில் அதைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். தமிழ்நாட்டில் இந்த இலவசச் சைக்கிள் திட்டம் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்த காலம் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, யாருடைய நேரத்துக்கும் காத்திருக்காமல் அவர்கள் போய்வந்தார்கள். நம் தெருவில் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்தால், ஒரு பெண்பிள்ளை மறுபடியும் அடுத்தவர் நேரத்துக்குக் காத்திருக்கத் தொடங்குகிறாள். எனக்கு வலிப்பது அதுதான்.

சரி, செயினுக்கு வருகிறேன்.

வடகிழக்குப் பருவத்தில் சமையல்கட்டில் உப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதமே போதும். நம் குப்பத்தில் ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் ஏரி. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் உப்பு வரும். மழையே இல்லாத நாளிலும் உங்கள் செயினின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. உப்பு நீர் பட்ட இரும்பு நல்ல நீர் பட்ட இரும்பைவிட வெகு சீக்கிரம் துருவேறும். துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. தின்ற இரும்பைவிட அது அதிக இடத்தை அடைக்கும். கண்ணியின் உள்ளே, பின்னுக்கும் அதைச் சுற்றிய புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடைவெளியில் துரு பருத்தால் கண்ணி மடங்கின இடத்திலேயே இறுகிவிடும். நான் பார்த்த நண்டுக்கால் இப்படி வந்ததுதான்.

இது போதாதென்று மணல். எனக்குச் சைக்கிள் வந்த முதல் வாரமே அப்பா டீசல் இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து செயின் முழுக்க ஊற்றினார். ஆசையாகத்தான் செய்தார். “இனி துருவே வராதும்மா” என்றார். துரு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே மாதத்தில் செயின் கறுப்புக் களிம்பாகிவிட்டது. அந்தக் களிம்பை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றது. எரிந்து முடிந்த ஆயிலில் கரியும் இரும்புத் தூளும் ஏற்கெனவே இருக்கும். அதோடு கடற்கரை மணல் ஒட்டினால் அம்மியில் அரைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் செயின் தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருந்தது. துருவைத் தடுத்துவிட்டுத் தேய்மானத்தைக் கூட்டினோம்.

தேய்மானம் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், எல்லாம் இதில்தான் இருக்கிறது. “செயின் இழுத்துக்கிச்சு” என்கிறோம். இரும்புத் தகடு ரப்பர்போல இழுபடாது. இன்று நாம் மிதிக்கும் மாதிரிச் செயினுக்கு 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருக்கொடுத்தார். இரண்டு பக்கத் தகடுகள், நடுவே பின், பின்னைச் சுற்றிப் புஷ், புஷ்ஷின் மேல் சுழலும் ரோலர். பல்லின் மேல் ரோலர் உருளும், பின் புஷ்ஷுக்குள் திரும்பும். தேய்வது அந்தத் திரும்புகிற இடம். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குச் சரியாக அரை அங்குலம். உலகம் முழுக்கச் சைக்கிளுக்கு இன்று இதே அளவுதான். ஒரு கண்ணியில் ஒரு தலைமயிர் கனம் தேய்ந்தால் போதும். 112 கண்ணி இருக்கிற செயினில் அது கூடிக்கூடிக் கால் அங்குலத்தைத் தாண்டிவிடும்.

தேய்ந்த செயினின் கண்ணிகள் பற்களுக்கு இடையே சரியாக உட்காராது. பல்லின் மேல் ஏறி உட்காரும். பல்லும் அதற்கேற்ப ஒரு பக்கமாகத் தேய்ந்து, தூண்டில் முள் மாதிரி வளையும். பழைய செயினும் வளைந்த பல்லும் சேர்ந்தே கெட்டதால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், ஓடிக்கொண்டும் இருக்கும். இப்போது புதுச் செயின் போடுகிறீர்கள். அது அரை அங்குலக் கணக்கு தவறாதது. ஃப்ரீவீலோ பழைய, நீண்ட செயினுக்குப் பழகிப்போனது. ஏறி மிதித்தால் புதுச் செயின் பல்லின் மேல் ஏறி, ‘டக்’கென்று அடுத்த பல்லுக்கு நழுவும். பாலத்து ஏற்றத்தில் எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவினால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். அந்தத் தங்கையின் சைக்கிளுக்கு நடந்தது இதுதான். செயினில் கோளாறு இல்லை. மாற்ற வேண்டிய நேரம் கடந்தபிறகு மாற்றியிருக்கிறார்கள்.

அந்த நேரம் எது? அளந்துதான் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்து முடியாது. படகு வேலை செய்யும் ஆசாரியிடம் இருக்கும் இரும்பு இஞ்சு டேப்பைக் கேட்டு வாங்குங்கள். தையல்காரர் துணி டேப் வேண்டாம், அது இழுபடும். பின்சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பெடலை முன்பக்கமாக அழுத்தினால் மேல் பக்கச் செயின் விறைப்பாக நிற்கும். வெளிப்பக்கம் செயின் கவர் மறைத்தால் உட்பக்கமிருந்து அளக்கலாம். ஒரு பின்னின் இடது விளிம்பில் டேப்பின் சைபரை வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். எண்ணி முடித்த இடத்துப் பின்னின் இடது விளிம்பு 12 அங்குலக் கோட்டில் நின்றால் செயின் புதுசுக்குச் சமம். 12 அங்குலமும் ஒரு வீசமும், அதாவது 12-க்கு மேல் 1/16 வந்தால், அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். 12 அங்குலமும் அரைக்காலும், அதாவது 1/8 தாண்டிவிட்டால், ஃப்ரீவீல் பல்லும் கூடவே போயிருக்கும், செயினோடு சேர்த்து அதையும் மாற்றக் காசு எடுத்து வையுங்கள். வீசத்துக்கும் அரைக்காலுக்கும் நடுவே இருப்பது உங்கள் பணம்.

பள்ளிக்கூடத்து ஒரு அடி ஸ்கேல்தான் இருக்கிறது என்றால் அதிலும் பார்க்கலாம். 20 கண்ணிக்குப் புதுச் செயின் 25.4 சென்டிமீட்டர் இருக்கும். 25.5ஐ அது தாண்டினால் மாற்றும் நாள் வந்துவிட்டது. 25.7ஐ நெருங்கினால் பல்லையும் பாருங்கள். செயினைப் பாதித் தேய்மானத்திலேயே மாற்றிக்கொண்டே வந்தால் ஒரே ஃப்ரீவீலில் இரண்டு மூன்று செயின் ஓட்டலாம். நம் மாதிரி சைக்கிளுக்குச் செயின் ஒரு கிலோ நல்ல இறால் விலைக்குள்தான் வரும். ஃப்ரீவீல், செயின் வீல், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் சேர்ந்தால்தான் அப்பாக்கள் கையை விரிக்கிறார்கள்.

இனி கடைக்குப் போகலாம். இங்கே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் கண்ணி விஷயம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்குப் பொன்னேரிச் சைக்கிள் கடைக்காரருக்கே தெரியாது. வலையில் மடவைக்கு ஒரு கண், இறாலுக்கு ஒரு கண், நண்டுக்கு ஒரு கண். வலை வாங்கப் போனால் கண்ணை விரலால் விரித்துப் பார்க்காமல் ஒருவரும் காசை நீட்டுவதில்லை. “எல்லாம் ஒண்ணுதான் எடுத்துக்கோ” என்று வலைக்கடைக்காரர் சொன்னால் சிரிப்பீர்கள். சைக்கிள் செயினுக்கு மட்டும் ஏன் அந்தப் பேச்சை நம்புகிறோம்?

செயினுக்கு இரண்டு அளவு. பின்னுக்குப் பின் நீளம் அரை அங்குலம் என்பது எல்லாவற்றுக்கும் பொது. உள்தகடுகளுக்கு நடுவே இருக்கும் அகலம்தான் மாறும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் சைக்கிளுக்கும், அப்பா மீன் பெட்டி கட்டிப் போகும் பெரிய சைக்கிளுக்கும், கியர் இல்லாத எல்லாவற்றுக்கும் அநேகமாக அரைக்கால் அங்குலம், 1/8. கியர் சைக்கிளுக்கு அதைவிடக் குறுகலான 3/32. பாக்கெட்டின் மேல் 1/2 பெருக்கல் 1/8 என்று அச்சிட்டிருக்கும். குறுகலான செயினைக் கொண்டுவந்தால் நம் தடிமனான பல்லின் மேல் அது உட்காரவே உட்காராது. தட்டி உட்கார வைத்துக் கொடுப்பவரும் உண்டு, தயவுசெய்து விடாதீர்கள். செகண்ட் ஹேண்டில் கியர் சைக்கிள் வாங்கியிருக்கும் தம்பிகள் பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணிக்கொண்டு போய்க் கேளுங்கள். அந்தச் செயின் தனி ஜாதி.

பேர் போட்ட கம்பெனிச் செயினாகப் பாருங்கள். நமக்குப் பக்கத்தில், 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய அம்பத்தூரிலேயே 1960களிலிருந்து செயின் செய்கிறார்கள். நல்ல செயின் கிடைக்காத சீமையில் நாம் இல்லை. பேரும் அளவும் அச்சிடாமல் பிளாஸ்டிக் பையில் தொங்குவதை எடுக்க வேண்டாம். கையில் வாங்கியதும் மடக்கி நீட்டுங்கள், ஒவ்வொரு கண்ணியும் சொன்னபடி கேட்க வேண்டும். ரோலரை நகத்தால் சுற்றிப் பாருங்கள், சுற்ற வேண்டும். பின்தலைகள் எல்லாம் ஒரே மாதிரி மழுங்க அடித்திருக்க வேண்டும். ஒன்று பிதுங்கி ஒன்று உள்ளே போயிருந்தால் திருப்பிக் கொடுங்கள். கையில் டேப் இருந்தால் கடையிலேயே 24 கண்ணி அளந்துவிடுங்கள், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

பளபளப்பைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். வெள்ளியாக மின்னுவது நிக்கல் பூச்சு. நம் உப்புக்காற்றுக்கு அது நல்லதுதான், விலை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் அதையே எடுங்கள். ஆனால் பூச்சு காப்பாற்றுவது வெளித்தகட்டை. செயின் சாவது உள்ளே, பின்னில். உள்ளே எண்ணெய் போகாமல் வெளியே மின்னுகிற செயினை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பூச்சா, பின்னின் தரமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பின்னைத் தேர்ந்தெடுப்பேன். எவர்சில்வர் செயின் என்று கேட்டு அலைய வேண்டியதில்லை. விலை கடுமையாக இருக்கும், துரு தாங்கும் அளவுக்குத் தேய்மானம் தாங்காது.

நீளத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுச் செயின் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளமாக வரும், வெட்டித்தான் மாட்டுவார்கள். பழைய செயினைப் பக்கத்தில் நீட்டி வைத்து “அதே நீளம்” என்று வெட்டுகிறவரைத் தடுங்கள். பழையது தேய்ந்து நீண்டது அல்லவா? 112 கண்ணிச் செயின் 56 அங்குலம். நூற்றுக்கு ஒன்று தேய்ந்திருந்தால் அரை அங்குலத்துக்கு மேல் கூடியிருக்கும், அது ஒரு முழுக் கண்ணி. பக்கத்தில் வைத்து வெட்டினால் கணக்கு தப்பும். பழைய செயினில் கண்ணியை எண்ணுங்கள், புதிதில் அதே எண்ணை வெட்டச் சொல்லுங்கள். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறிமாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் இருக்கும். இந்த ஒரு வேலையில் வலை பின்னும் பாட்டியை உடன் அழைத்துப் போனால் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

அடுத்தது லாக். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் அந்தச் சின்ன கிளிப். என் அரையாண்டுத் தேர்வு அன்றைக்கு நடு வழியில் செயின் கழன்று மணலில் விழுந்தது. லாக்கைத் தேடினேன், அந்த மணலில் எங்கே தேட? சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் அரை மணி நேரம் தாமதமாகத் தேர்வறைக்குள் நுழைந்தேன். கையில் கிரீஸ், விடைத்தாளில் கிரீஸ். முந்தின வாரம் அதை மாட்டிக் கொடுத்தவர் தலைகீழாக மாட்டியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பொன்னேரியில் ஒரு மெக்கானிக் அண்ணன் லாக்கை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு முனை மூடி உருண்டையாக இருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். பார்த்ததும் எனக்கு அது மீனாகத் தெரிந்தது. உருண்டை தலை, பிளந்தது வால். மீன் தலையை முன்னால் வைத்துத்தானே நீந்தும்? செயினின் மேல் பக்கம் சைக்கிள் போகும் திசையிலேயே ஓடுகிறது. அங்கே லாக்கின் தலை முன்சக்கரத்தைப் பார்த்து, வால் பின்சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மாறி மாட்டினால் வழியில் எதிலாவது உரசும்போது வாய் திறந்து கழன்றுவிடும். செயின் மாற்றிய கடையை விட்டுக் கிளம்புமுன் குனிந்து அந்த மீனைப் பாருங்கள். புதுச் செயினோடு புது லாக் வரும், பழைய லாக்கைத் திரும்பப் போட விடாதீர்கள்.

மாட்டியபிறகு நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், செயின் வீல் எங்கும் அச்சுப் பிசகாமல் வட்டமாக இருப்பதில்லை. அதிகம் தொங்கினால் கழலும். வில்நாண்போல இறுக்கினால் பின்னும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

புதுச் செயினை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். கம்பெனியில் உள்ளே ஏற்றிவிட்ட கிரீஸ்தான் அதற்கு முதல் பாதுகாப்பு. வெளியே ஒட்டியிருப்பதை மட்டும் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் மணல் பிடிக்கும். அதன் பிறகு வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம். துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து செயினைச் சுற்றிப் பிடித்து, பெடலைப் பின்னால் சுற்றுங்கள். உப்பு துணிக்கு வந்துவிடும். குடிதண்ணீருக்கு நாம் படும் பாடு எனக்குத் தெரியும், குடத்தை ஊற்றிக் கழுவச் சொல்லவில்லை, ஒரு டம்ளர் போதும். காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. அது இல்லாவிட்டால் பயன்படுத்தாத புது இன்ஜின் ஆயில். பத்து நிமிஷம் கழித்து வெளியே வழிவதையெல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே நிற்பது மணலுக்குப் பசை. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும், வேண்டாம். கழிவு ஆயிலைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவே இப்போது தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறிவிட்டார்.

இன்னொன்று, செயின் கவர். கடகடவென்று சத்தம் போடுகிறது என்று தம்பிகள் முதல் மாதமே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பழவேற்காட்டில் 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அவர்கள் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் தினமும் எத்தனையோ பேர் போகிறோம். அந்த நெதர்லாந்தில் இன்று ஆட்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். அதுவும் கடலோர நாடு, ஓயாத மழை. அங்கே தினப்படி ஓட்டும் சைக்கிள்களில் செயினை முழுவதுமாக மூடிய கவர் சர்வ சாதாரணம். வருஷக்கணக்காக வெட்டவெளியில் நிற்கும் சைக்கிளுக்கு அவர்கள் கண்ட வழி அது. நம் கவரின் சத்தத்துக்கு ஒரு ஸ்குரூவை முறுக்கினால் போதும், அல்லது உரசும் இடத்தில் பழைய ட்யூப் துண்டு ஒன்றைச் செருகலாம். கழற்றியவர்கள் வீட்டில் தேடி எடுத்து மறுபடி மாட்டுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு முறை வைத்து, முறை தவறாமல் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஊர் நம்முடையது. ஒரு செயின் கட்டர், ஒரு இரும்பு டேப், ஒரு ஸ்பேனர் செட், ஒரு எண்ணெய்க் குப்பி. இவ்வளவும் வலை பின்னும் கூடத்தில் ஒரு டப்பாவில் இருந்தால் நாலு குப்பத்துக்கும் போதும். மாதம் ஒரு வீடு பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். டப்பாவும் முதல் தடவைக்கான சாமானும் நான் வாங்கித் தருகிறேன். செயின் கட்டரைப் பிடிக்கப் பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

அப்பாக்களே, சுவரில் சாய்ந்த சைக்கிளை இரும்புக்கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பாருங்கள். வீசத்தில் நின்றால் செயின் மட்டும். அரைக்காலைத் தாண்டியிருந்தால் செயினும் ஃப்ரீவீலும் ஒன்றாக, ஒரே நாளில். தனித்தனியாகப் போட்டு இரண்டையும் வீணாக்க வேண்டாம்.

அந்தத் தங்கையின் சைக்கிளைப் போன ஞாயிறே அளந்துவிட்டேன். புதுச் செயின் சரியாக 12 அங்குலம். ஃப்ரீவீலில் பாதிப் பல் கொக்கிபோல வளைந்திருக்கிறது. ஒரு ஃப்ரீவீல் மாற்றினால் அவள் திங்கட்கிழமை சைக்கிளில் போகலாம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஃப்ரீவீலோடு கலங்கரை விளக்கத்தின் அடியில் இருப்பேன். டேப் என்னிடம் இருக்கிறது. ஓடாத சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் குப்பத்து அக்கா